பின்னுதைப்பை வேலை வாங்கியவர்

நியூட்டனின் மூன்றாம் விதியைப் படித்தபோது, துப்பாக்கி ஏன் தோளை உதைக்கிறது என்று தெரிந்துகொண்டதோடு நான் நின்றுவிட்டேன். ஹைரம் மாக்சிம் நிற்கவில்லை.

1840-இல் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பிறந்த அவர், 14 வயதில் வண்டிப் பட்டறையில் தொழில் பழகியவர். அதற்கு முன் வந்த கேட்லிங் துப்பாக்கியைக் கையால் சுழற்ற வேண்டும். வீணாகும் பின்னுதைப்பே அந்த வேலையைச் செய்யும் என்று 1884-இல் லண்டனில் மாக்சிம் காட்டினார். குண்டு பாய்ந்ததும் குழலும் அதனோடு பூட்டிய அடைப்பும் சற்றே பின்னால் நகரும். பூட்டு விடுபடும், வெற்றுக் கூடு வெளியேறும். சுருள்வில் அடைப்பை முன்னே இழுக்க, அடுத்த தோட்டா உள்ளே போகும். விசையை அழுத்தியபடி இருந்தால் நிமிடத்திற்குச் சுமார் 600 குண்டுகள்!

வெடிச்சத்தம் அவருடைய செவித்திறனைப் பறித்தது. மார்புச்சளியால் அவதிப்பட்டவர், மூச்சிழுக்கும் மருந்துக் கருவி ஒன்றையும் செய்தார்.

1916-இல் சோம் போர்க்களத்தில் இரு தரப்பும் அவரது துப்பாக்கியின் வழிவந்தவற்றாலேயே சுட்டுக்கொண்டன. அந்தப் போர் ஓய்ந்த சில நாள்களில், நவம்பர் 24-இல் அவர் மறைந்தார்.

மாணவர்களே, மூச்சுக்கு உதவியதும் மூச்சை நிறுத்தியதும் ஒரே கைதான். அந்த விதியை இப்போது படித்தாலும் எனக்கு அதுவே நினைவுக்கு வருகிறது.