அடுப்படியில் ஆண்டவரைக் கண்டவர்

இறைவனின் அளவற்ற இரக்கத்தால் நம் பங்கு பொன்விழாக் காணும் இந்நாளில், நம் உள்ளமெல்லாம் நன்றியால் நிறைந்திருக்கிறது. ஆலயத்திற்கு வெள்ளையடித்து வண்ணம் தீட்டினோம், பீடத்தை அழகு செய்தோம், கொடிமரத்தைப் புதுப்பித்தோம். இவையெல்லாம் நல்லவையே. ஆயினும், ஒரு கேள்வியை நம்மை நாமே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம். இந்த ஆலயத்தில் குடிகொண்டிருக்கும் ஆண்டவரை, திருப்பலி முடிந்து வாசற்படி இறங்கும்போது எங்கே விட்டுவிட்டுப் போகிறோம்?

வீடு சந்திக்கச் செல்லும்போதெல்லாம் நம் செவியில் விழும் குறை ஒன்று உண்டு. மனதில் சமாதானம் இல்லை, செபிக்க நேரமும் இல்லை என்பதே அது. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டும் தாயும், இரவு முறை வேலை முடிந்து கண் சிவந்து வரும் தந்தையும் இதையே சொல்கிறார்கள். மடத்தில் வாழும் துறவிகளுக்கு அமைதி கிட்டும், குடும்பச் சுமையைத் தூக்கும் நமக்கு அது ஏது என்று எண்ணுகிறார்கள். குருக்களாகிய நாமும் இதற்கு விலக்கல்ல. விழா வேலைகளுக்காக ஓடியாடிய இந்த மாதங்களில், கட்டளைச் செபத்தை அவசர அவசரமாய்ச் சொல்லி முடித்த நாட்கள் நமக்கும் உண்டு.

எனவேதான், பெரிய மறைவல்லுநர் ஒருவரை விடுத்து, ஒரு சமையற்காரரின் வாழ்வை உங்கள் முன் வைக்க விழைகிறோம். அவரே உயிர்ப்பின் சகோதரர் லாரன்ஸ்.

போர்வீரன்

லொரேன் நாட்டில், லுனேவில் நகருக்கு அருகே எரிமெனில் என்னும் சிற்றூரில், 1614ஆம் ஆண்டளவில் ஓர் ஏழைக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் நிக்கோலாஸ் ஹெர்மன். பக்தியுள்ள பெற்றோர்தான், ஆனால் மகனை உயர்ந்த படிப்புப் படிக்க வைக்க அவர்களுக்கு வசதி இல்லை.

பதினெட்டு வயதில், ஒரு குளிர்காலத்தில், அவர் ஒரு மரத்தைக் கண்டார். ஐரோப்பிய நாடுகளில் குளிர்காலத்தில் பல மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துப் பட்ட மரம்போல் நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றவருக்கு, இன்னும் சில காலத்தில் இம்மரம் மீண்டும் துளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்ற எண்ணம் எழுந்தது. மரத்தின் கையில் எதுவும் இல்லை. அதைக் காக்கிறவர் இறைவன். யாரும் காணக்கூடிய இந்த எளிய உண்மை அவர் உள்ளத்தில் ஆழமாய்ப் பதிந்தது. இறைவனின் வல்லமையையும் பராமரிப்பையும் பற்றி அன்று பெற்ற ஒளி, வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு அகலவில்லை.

ஆனால் ஒளி கிடைத்தவுடன் அமைதியும் கிடைத்துவிடவில்லை. அப்போது ஐரோப்பாவை முப்பதாண்டுப் போர் (1618-1648) சூறையாடிக்கொண்டிருந்தது. நிக்கோலாஸ் லொரேன் கோமகனின் படையில் சேர்ந்தார். ஒருமுறை ஜெர்மானியப் படையினர் அவரை ஒற்றன் என்று பிடித்துத் தூக்கிலிடப் போவதாக மிரட்டினர். தாம் ஒற்றன் அல்ல என்றும், மனச்சாட்சி குற்றம் சாட்டாததால் சாவுக்கு அஞ்சவில்லை என்றும் அவர் தெளிவாய் உரைக்கவே, விடுதலை செய்தனர். பின்னர் 1635ஆம் ஆண்டில் ராம்பெர்வில்லே நகரைச் சுவீடன் நாட்டுப் படைகள் தாக்கியபோது காயமுற்று, பெற்றோரின் இல்லம் திரும்பினார்.

தேடி அலைந்தவர்

காயம் ஆறியது, ஆனால் உள்ளம் ஆறவில்லை. படைவீரனாய் வாழ்ந்த நாட்களின் பாவங்கள் அவரை வருத்தின. உலகத்தை விட்டு விலகினால் அமைதி கிடைக்கும் என்று எண்ணி, மற்றொருவரோடு சேர்ந்து தனிமையில் வனவாசியைப்போல் வாழ்ந்து பார்த்தார். அங்கும் உள்ளம் ஒரு நிலையில் நிற்கவில்லை. இன்று மகிழ்ச்சி, நாளை துயரம். காலையில் பக்தி, மாலையில் வறட்சி. தனிமையான இடத்திற்குப் போனாலும் நம் மனம் நம்மோடுதானே வருகிறது!

பிறகு பாரிஸ் மாநகர் சென்று, ஒரு பெரிய நிதி அதிகாரியின் வீட்டில் ஏவலாளாக வேலை பார்த்தார். அங்கே, தொட்டதையெல்லாம் உடைக்கும் கைப்பாங்கற்ற வேலைக்காரன் என்று பெயர் வாங்கினார்.

இறுதியில், 1640ஆம் ஆண்டில், பாரிஸில் வோழிரார் தெருவில் இருந்த கார்மேல் துறவு மடத்தின் கதவைத் தட்டினார். அவிலா நகர்ப் புனித தெரேசம்மாளின் சீர்திருத்தத்தைப் பின்பற்றும் சபை அது. கல்வி குறைந்தவராதலால், குருப்பட்டம் பெறாத உதவிச் சகோதரராகவே ஏற்றுக்கொள்ளப்பட்டார். 1642 ஆகஸ்ட் 14ஆம் நாள் வார்த்தைப்பாடு கொடுத்தார். தம் கைப்பாங்கின்மைக்காகவும் பழைய பாவங்களுக்காகவும் மடத்தில் நன்றாய்த் தண்டிக்கப்படுவோம் என்று எதிர்பார்த்தே உள்ளே வந்தாராம்!

பத்தாண்டுத் துன்பம்

பங்கு மக்கள் இங்கே சற்று நிதானித்து வாசிக்க வேண்டுகிறோம். மடத்தில் சேர்ந்த பின்னும் ஏறக்குறைய பத்தாண்டுகள் அவருக்கு உள்ளத்தில் இளைப்பாற்றி இல்லை. செய்த பாவங்கள் கண்முன் நின்றன. இறைவன் தமக்குத் தரும் வரங்களுக்குத் தாம் தகுதியற்றவர் என்ற எண்ணம் வாட்டியது. விழுவார், எழுவார், மீண்டும் விழுவார். அதிலும் நான்கு ஆண்டுகள், தாம் நிச்சயம் நரகத்திற்கே போவோம் என்ற அச்சம் அவரைப் பிடித்து ஆட்டியது. எவர் சொல்லியும் அந்த அச்சம் நீங்கவில்லை.

இதிலிருந்து அவர் எவ்வாறு கரையேறினார்? காட்சி எதுவும் காணவில்லை. புதுமை எதுவும் நிகழவில்லை. அவர் ஒரு தீர்மானத்திற்கு வந்தார். இறைவன் மீதுள்ள அன்பிற்காகவே இம்மடத்திற்கு வந்தோம். நமக்கு மீட்புக் கிடைக்குமோ கிடைக்காதோ, அது அவர் கையில் இருக்கட்டும். சாகும்வரை எல்லாவற்றையும் அவர்மீதுள்ள அன்பிற்காகவே செய்வோம் என்று முடிவு செய்தார். இந்தக் கலக்கத்திலேயே நம் வாழ்நாள் முடியும் போலும் என்று எண்ணி, அதையும் ஏற்றுக்கொண்ட வேளையில், ஒருநாள் தம் உள்ளம் மாறியிருக்கக் கண்டார். ஆழ்ந்த சமாதானம் அவருள் குடிவந்தது. அமைதி எங்கே என்று தேடிய காலமெல்லாம் அவர் தம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்மை விட்டு ஆண்டவரைப் பார்க்கத் தொடங்கியபோது, தேடாமலே அமைதி வந்து சேர்ந்தது.

சமையலறைச் செபம்

மடத்துத் தலைவர்கள் அவருக்கு ஒப்படைத்தது சமையலறை. இயல்பாகவே சமையல் வேலை அவருக்கு வெறுப்பு. ஆயினும் பதினைந்து ஆண்டுகள் அங்கே பணி புரிந்தார். புகையும் சூடும், பாத்திரங்களின் ஓசையும், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேர் வந்து வெவ்வேறு பொருள் கேட்கும் நெருக்கடியும் நிறைந்த இடம் அது. நம் தாய்மார்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அங்கேதான் அவர் இறைபிரசன்னத்தில் வாழக் கற்றார். அவருடைய முறை மிக எளியது. வேலையைத் தொடங்குமுன் இறைவனின் உதவியைக் கேட்பார். வேலையின் நடுவே, அருகில் இருக்கும் நண்பரோடு பேசுவதுபோல், உள்ளத்தில் ஓரிரு சொல் பேசுவார். முடித்தபின் நன்றி கூறுவார். தவறு செய்திருந்தால் மன்னிப்புக் கேட்பார். வாணலியில் ஆம்லெட்டைத் திருப்பிப் போடுவதையும், தரையில் கிடக்கும் துரும்பைப் பொறுக்குவதையும் இறையன்பிற்காகவே செய்தார். செயலின் அளவை அல்ல, அதிலுள்ள அன்பையே இறைவன் பார்க்கிறார் என்பது அவர் உறுதியான நம்பிக்கை.

மனம் அலைபாய்ந்தால் என்ன செய்வது? அவருக்கும் அலைபாய்ந்தது. கோபித்துக்கொள்ளாமல், தெருவில் ஓடிய பிள்ளையைத் தாய் கைபிடித்து அழைத்து வருவதுபோல், மனதை மெல்ல இறைவன்பால் திருப்பினார். குற்றத்தில் விழுந்தாலோ, அதை இறைவனிடம் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு, உதவி கேட்டு, உடனே தம் பணிக்குத் திரும்பினார். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பதும் ஒருவகைத் தற்பெருமையே என்பதை அவர் வாழ்வு நமக்குக் கற்பிக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. வேலையே செபம் என்று சொல்லி ஞாயிறு திருப்பலியைத் தட்டிக்கழிப்போர் உண்டு. சகோதரர் லாரன்ஸ் அப்படிப்பட்டவர் அல்லர். சபை ஒழுங்கின்படி குறித்த நேரத்துச் செபங்களில் தவறாது பங்குகொண்டார். ஆலயத்தில் சந்தித்தவரையே அவர் அடுப்படியிலும் சந்தித்தார்.

முடவரின் பயணம்

காலில் நோய் கண்டு அவர் நொண்டி நடக்க வேண்டியதாயிற்று. அந்நிலையிலும், மடத்துத் தேவைக்குத் திராட்சை இரசம் வாங்கிவர ஓவேர்ன், பர்கண்டி ஆகிய தொலைவான பகுதிகளுக்கு அனுப்பப்பட்டார். வணிகம் தெரியாது, நடக்கவும் இயலாது. படகில் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குச் செல்ல, பீப்பாய்கள் மேல் உருண்டே போனாராம். இது உம்முடைய வேலை, ஆண்டவரே என்று இறைவனிடம் விட்டுவிட்டுப் போனார். காரியமும் நன்றாகவே முடிந்தது.

பின்னர், சமையலறையில் நிற்க முடியாமற்போகவே, உட்கார்ந்து செய்யக்கூடிய செருப்புத் தைக்கும் வேலை அவருக்குத் தரப்பட்டது. காலில் புண் வைத்து நெடுங்காலம் வேதனைப்பட்டார். அமைதி என்பது நோவு இல்லாமை அன்று, நோவிலும் ஆண்டவர் உடனிருக்கிறார் என்ற உறுதியே என்பதை அக்காலில் இருந்து நாம் கற்கலாம்.

இந்த எளிய சகோதரரிடம் ஆலோசனை கேட்கப் படித்தவர்களும் தேடி வந்தனர். பின்னாளில் பாரிஸ் பேராயரின் முதன்மைக் குருவான ஜோசப் தெ போஃபோர், 1666 ஆகஸ்ட் 3ஆம் நாள் அவரை முதன்முறையாகச் சந்தித்து உரையாடினார். புகழ்பெற்ற எழுத்தாளரும் பேராயருமான பெனெலோனும் அவரைச் சந்தித்துப் பேசியவரே.

1691 பிப்ரவரி 12ஆம் நாள், முழு நினைவோடு, எவ்விதக் கலக்கமுமின்றி அவர் உயிர் நீத்தார். நரகத்திற்குப் போவோம் என்று நான்கு ஆண்டுகள் நடுங்கியவர், சாவின் வாயிலில் அச்சமின்றிக் கிடந்தார். விண்ணகத்தில் என்றும் செய்யப்போவதையே, அதாவது இறைவனைப் போற்றி அன்பு செய்வதையே, தாம் படுக்கையிலும் செய்துகொண்டிருப்பதாக உணர்ந்தார்.

அவர் நூல் எதுவும் வெளியிட்டவர் அல்லர். அவர் எழுதிய சில கடிதங்களையும் குறிப்புகளையும், அவரோடு நிகழ்ந்த உரையாடல்களையும் போஃபோர் 1692, 1694 ஆகிய ஆண்டுகளில் அச்சிட்டார். அச்சிறு நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு, நம் பிரிந்த சகோதரர்களும் விரும்பிப் படிக்கும் நூலாயிற்று. 2025 டிசம்பரில் திருத்தந்தை பதினான்காம் லியோ, தம் ஆன்மீக வாழ்வுக்கு வழிகாட்டிய நூல்களுள் ஒன்றாக இதைக் குறிப்பிட்டார். ஆயினும் திருச்சபை இவருக்குப் புனிதர் பட்டம் வழங்கியதில்லை. சமையலறையில் மறைந்து வாழ்ந்தவருக்கு அதுவும் பொருத்தமாகவே தோன்றுகிறது.

நமக்கு ஒரு பொன்விழாக் காணிக்கை

அன்பார்ந்த பங்கு மக்களே, ஐம்பது ஆண்டுகளாக இந்த ஆலயத்தின் மணி நம்மை அழைத்து வருகிறது. அது ஆலயத்திற்குள் வர மட்டும் அழைக்கவில்லை. இங்கே இருப்பவரை உடன் அழைத்துக்கொண்டு வீடு செல்லவும் அழைக்கிறது. அடுப்பு மூட்டும்போது ஒரு நொடி, பேருந்திற்குக் காத்து நிற்கும்போது ஒரு நொடி, கோபம் பொங்கி வரும்போது ஒரு நொடி, இரவில் விளக்கை அணைக்கும்போது ஒரு நொடி அவரை நினைக்க நமக்கு நேரமில்லை என்று சொல்ல இயலுமா?

முதல் நாளிலேயே அமைதி வராவிட்டால் சோர்ந்துபோக வேண்டாம். சகோதரர் லாரன்சுக்குப் பத்தாண்டுகள் ஆயின. குளிர்காலத்து மரம் பட்டுப்போனதாய்த் தோன்றும். அதன் வேரைக் காப்பவர் உறங்குவதில்லை. பொன்விழா முடிந்து தோரணங்களைக் கழற்றிய பின்னும் அவர் நம்மோடுதான் இருப்பார். இந்த நம்பிக்கையோடு நாம் அவரவர் அடுப்படிக்கும், வயலுக்கும், பட்டறைக்கும், அலுவலகத்திற்கும் திரும்புவோம். சமாதானத்தின் ஆண்டவர் உங்கள் இல்லங்களில் என்றும் தங்குவாராக.