பிப்ரவரி 11: சிங்காரவேலர் நினைவுநாள்

சென்னை அயோத்தியாக் குப்பத்து மீனவர் குடும்பமொன்றில் 1860 பிப்ரவரி 18 அன்று தோன்றியவர் சிந்தனைச் சிற்பி ம. சிங்காரவேலர். வழக்கறிஞராய் விளங்கினார், பௌத்த நெறியில் தோய்ந்தார். ஒத்துழையாமைக் காலத்தில், 1921இல், தம் வழக்கறிஞர் அங்கியைத் தீயிலிட்டபோது அன்னாருக்கு அகவை 61. ஓய்வை நாடும் வயதில் போராட்டத்தை நாடினார்.

அவ்வாண்டே பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தம் மூண்டது. துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர் மாண்டனர். அதனினும் கொடிது, வேலைநிறுத்தம் செய்த சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருபுறமும் ஆதிதிராவிடர் மறுபுறமுமாகப் புளியந்தோப்பில் மோதிக்கொண்டதே. உழைப்போர் ஒற்றுமை சாதியின் முன் சிதறியதை மறைக்காமல் எழுதுவதே வரலாறு.

1922 கயை காங்கிரசில் தம்மைப் பொதுவுடைமையாளர் என வெளிப்படையாக அறிவித்தார். ஆயின் வழிமுறையில் பிற நாட்டுத் தோழர்களினின்று வேறுபட்டார். அறவழியே இந்நாட்டுக்கு ஏற்றது என்றார். 1923 மே முதல் நாள் சென்னைக் கடற்கரையில் இரண்டு இடங்களில் மே தினக் கூட்டங்கள் நடத்தி, தொழிலாளர் விவசாயிகள் கட்சியைத் தொடங்கினார். இன்று மேல்சித்தாமூர், செஞ்சி வட்டாரச் சிற்றூர்களிலும் மே நாளில் கொடியேற்றுவோர் அக்கடற்கரையை நினைப்பாராக.

அறவழி பேசியவரையும் அரசு விடவில்லை. 1924 கான்பூர் சதி வழக்கில் முசாபர் அகமது, சவுகத் உஸ்மானி, டாங்கே, நளினி குப்தா ஆகியோருக்குச் சிறை கிட்டியது; சிங்காரவேலர் நோயினால் விசாரணைக்கு உட்படுத்தப்படவில்லை. மறு ஆண்டு டிசம்பரில் அதே கான்பூரில் கூடிய பொதுவுடைமையர் மாநாட்டுக்கு அவரே தலைவர். வரவேற்புக் குழுத் தலைவரோ மௌலானா ஹஸரத் மோகானி. உருதுக் கவிஞரும் மார்க்க அறிஞருமான ஒருவரும் சென்னைக் குப்பத்து முதியவரும் ஒரே மேடையில் அமர்ந்த காட்சி எண்ணி மகிழத்தக்கது.

1928 தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்துக்காக, 68 வயதில், பத்தாண்டுத் தண்டனை பெற்றார். பின்னர் அது குறைக்கப்பட, 1930இல் வெளிவந்தார். பெரியாரின் குடிஅரசில் அறிவியல் கட்டுரைகள் வரைந்தார்; 1932 ஈரோட்டுத் திட்டத்தில் பங்குகொண்டார். 1946 பிப்ரவரி 11 அன்று மறைந்தார்.

நான்கே ஆண்டுகளில் அதே நாள் வேறொரு துயரையும் சுமந்தது. 1948இல் பொதுவுடைமைக் கட்சி ஆயுதப் பாதையை நாடிற்று. விடுதலை பெற்ற நாட்டின் அரசு அடக்குமுறையை ஏவிற்று. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறைக்குள் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 22 கைதிகள் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மலபார் விவசாயப் போராளிகள்.

ஆண்டுதோறும் இவ்விரு நினைவும் ஒருநாளிலேயே வருகின்றன.