55 வெற்றி, 60 தோல்வி... கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவரே தோற்ற கோச்! யார் இந்த நைஸ்மித்?

அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகம் கூடைப்பந்துக்குப் பேர் போனது. அந்த அணியின் கோச்களில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் வைத்திருப்பவர் ஒரே ஒருவர்தான். அவர் வேறு யாருமல்ல, கூடைப்பந்தையே கண்டுபிடித்த ஜேம்ஸ் நைஸ்மித்!

போதகராக வேண்டியவர்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1861 நவம்பர் 6-ம் தேதி பிறந்தவர் நைஸ்மித். 9 வயதிலேயே டைஃபாய்டு காய்ச்சலுக்கு அப்பா, அம்மா இருவரையும் பறிகொடுத்தார். தாய்மாமாதான் வளர்த்தார்.

போதகராகும் ஆசையில் மான்ட்ரியலில் இறையியல் படித்தார். கூடவே ரக்பியும் ஆடினார். ஒரு ஆட்டத்தில் சக வீரர் கோபத்தில் கெட்ட வார்த்தை பேசிவிட்டு, பக்கத்தில் நைஸ்மித் நிற்பதைப் பார்த்ததும் மன்னிப்பு கேட்டார். இத்தனைக்கும் நைஸ்மித் அவரை ஒருநாளும் கண்டித்ததே இல்லை.

அந்தச் சம்பவம் அவரை யோசிக்க வைத்தது. நாலு பேருக்கு நல்லது செய்ய சர்ச் மேடை மட்டும்தான் வழியா? கூட ஆடி, கூடப் பழகினாலும் மனிதர்கள் மாறுவார்களே! படிப்பை முடித்தவர், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ பயிற்சிப் பள்ளிக்குப் போனார்.

2 வாரக் கெடு

1891 குளிர்காலம். வெளியே விளையாட முடியாமல் கடுப்பில் இருந்த 18 மாணவர்களுக்காக, உள்ளரங்கில் ஆட ஒரு விளையாட்டை 2 வாரத்துக்குள் உருவாக்கச் சொன்னது பள்ளி. 2 பீச் பழக்கூடைகள், ஒரு கால்பந்து, 13 விதிகள். பிறந்தது கூடைப்பந்து!

கன்சாஸில் என்ன நடந்தது?

1898-ல் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வழிபாட்டுக் கூடப் பொறுப்பு, உடற்கல்வி என 2 வேலை. 1907 வரை அணியின் கோச்சாகவும் இருந்தார். ஜெயித்தது 55, தோற்றது 60. அவருக்கு இந்தக் கணக்கு பெரிதாகத் தெரியவில்லை. உடம்பும் குணமும் வளர்வதுதான் விளையாட்டு என்று நம்பினார். 1916-ல் முறைப்படி போதகராகவும் ஆனார்.

ஜெயித்துத் தர முடியாத மாணவர்

1933-ல் ஜான் மெக்லெண்டன் என்ற கருப்பின இளைஞர் அங்கே படிக்க வந்தார. நிறவெறி காரணமாக கல்லூரி அணியில் அவருக்கு இடம் கிடையாது. அதாவது, அவரால் ஒரு ஆட்டத்தைக்கூட ஜெயித்துத் தர முடியாது. ஆனாலும் 70 வயதைத் தாண்டிய நைஸ்மித், அவரைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு கோச்சிங் நுணுக்கங்களைச் சொல்லிக்கொடுத்தார். 1936-ல் மெக்லெண்டன் உடற்கல்வியில் பட்டம் வாங்கினார்.

அதே 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து அறிமுகமானது. டிக்கெட் பணத்திலிருந்து சிறுகச் சிறுக நிதி சேர்த்து, நைஸ்மித்தை அதைப் பார்க்க அனுப்பி வைத்தார்கள் அமெரிக்க கோச்கள். அந்த முயற்சிகளில் முன்னால் நின்றவர், அவரிடம் ஆடிப் பழகிய ஃபாக் ஆலன்.

1939 நவம்பர் 28-ல் நைஸ்மித் காலமானார். டென்னசி ஸ்டேட் கல்லூரி அணியை 1957, 1958, 1959 என தொடர்ந்து 3 முறை தேசிய சாம்பியன் ஆக்கிக் காட்டினார் மெக்லெண்டன். ஸ்பிரிங்ஃபீல்டில் நைஸ்மித் பெயரிலேயே இருக்கும் கூடைப்பந்து புகழரங்கில், இன்று அந்த மாணவருக்கும் இடம் உண்டு.