முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியன்

முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியன் (ஆட்சிக்காலம்: கி.பி. 1268 முதல் ஏறத்தாழ 1310 வரை) மதுரையிலிருந்து ஆட்சி புரிந்த பாண்டியப் பேரரசர்களுள் ஒருவன் ஆவான். சோழப் பேரரசு முடிவுற்றதும், ஈழத்தின் புனிதச் சின்னமான புத்தரின் பல் பாண்டிய நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டதும், மார்க்கோ போலோ தமிழகம் வந்ததும் இவனது காலத்தில் நிகழ்ந்தவை. அரேபிய, பாரசீகக் குதிரைகளுக்காக ஆண்டுதோறும் பெரும்பொருள் செலவிட்ட மன்னன் என்ற வகையிலும் இவன் பெயர் அயல்நாட்டார் குறிப்புகளில் இடம்பெற்றுள்ளது. அக்குதிரைகளுள் பெரும்பாலானவை ஓராண்டிற்குள் மடிந்தன. அவை மடிந்ததற்கான காரணங்கள் கால்நடை மருத்துவ நோக்கில் இன்றும் ஆராயத்தக்கவையாக உள்ளன.

ஆட்சிப் பொறுப்பு

முதலாம் சடையவர்மன் சுந்தர பாண்டியனுக்குப் பின்னர் 1268 ஆம் ஆண்டில் குலசேகரன் அரசுரிமை பெற்றான். அக்காலத்தில் பாண்டிய நாட்டில் ஒரே நேரத்தில் அரசர் பலர் வெவ்வேறு பகுதிகளை ஆள்வது வழக்கமாக இருந்தது. அவர்களுள் மூத்தவன் பேரரசனாக மதிக்கப்பட்டான். மார்க்கோ போலோ ஐந்து அரச உடன்பிறப்புகள் இந்நாட்டை ஆண்டதாக எழுதியிருப்பதும், இலங்கையின் சூளவம்சம் பாண்டிய அரசர் ஐவரைக் குறிப்பிடுவதும் இம்முறையைக் கருதியே எனலாம்.

போர்கள்

குலசேகரனின் தொடக்ககாலப் போர்களுள் கொல்லத்தின் மீதான படையெடுப்பு குறிப்பிடத்தக்கது. இவ்வெற்றியால் இவன் கொல்லம் கொண்ட பாண்டியன் எனப் பெயர் பெற்றான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து கொல்லம் செல்லும் இயற்கை வழி, தென்காசி, குற்றாலம் ஆகிய ஊர்களுக்கு அருகே மேற்குத் தொடர்ச்சி மலையில் அமைந்த ஆரியங்காவுக் கணவாய் ஆகும். குற்றாலத்திற்குச் சாரலைக் கொண்டு வரும் தென்மேற்குக் காற்று நுழைவதும் இக்கணவாய் வழியேதான். மலைநாட்டு வணிகர் சோழர் காலத்திலேயே குதிரைச் செட்டிகள் என்ற பெயரில் தமிழகத்தில் குதிரை விற்றனர் என்பது கல்வெட்டுகளால் தெரியவருகின்றது. எனவே மேற்குக் கடற்கரைத் துறைமுகம் ஒன்றைக் கைக்கொள்வது பாண்டியனுக்குப் போர்ப்புகழை மட்டும் தருவதாக இருந்திருக்காது.

1279 ஆம் ஆண்டில் மூன்றாம் இராசேந்திர சோழனும் போசள மன்னன் இராமநாதனும் இவனிடம் தோல்வியுற்றனர். அத்துடன் சோழர் ஆட்சி முடிவுற்றது. போர்களில் கிடைத்த பொருளைக் கொண்டு திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலின் வெளிமதிலை இவன் எழுப்பினான்.

பின்னர் ஆரியச் சக்கரவர்த்தி என்னும் தலைவனின் கீழ் ஈழத்திற்குப் படை அனுப்பப்பட்டது. அப்படை யாப்பகூவாவைக் கைப்பற்றி, அங்கிருந்த புத்தரின் பல்லையும் செல்வங்களையும் பாண்டிய நாட்டிற்குக் கொண்டுவந்தது. பின்னாளில் மூன்றாம் பராக்கிரமபாகு (ஆட்சி 1287–1293) தானே பாண்டியன் அவைக்கு வந்து, பணிந்து பேசி அச்சின்னத்தை மீட்டுச் சென்றான்.

காயல் துறைமுகமும் குதிரை வணிகமும்

தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்திற்கு அருகில் இருந்த காயல், இவன் காலத்தில் சிறந்த துறைமுகமாக விளங்கியது. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள பழையகாயலே அது என 19 ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் இனங்கண்டார். ஓர்முசு, கீசு, ஏடன் ஆகிய துறைகளிலிருந்து வந்த கப்பல்கள் இங்கு நின்றன. அவை இறக்கிய சரக்குகளுள் முதன்மையானது குதிரை.

தமிழகத்தின் தட்பவெப்பமும் புல்வளமும் போர்க்குதிரை வளர்ப்பிற்கு ஏற்றவை அல்ல. மாணிக்கவாசகர் குதிரை வாங்கப் பாண்டியனின் பொன்னோடு புறப்பட்ட கதையைத் தமிழர் அனைவரும் அறிவர். குலசேகரன் காலத்தில் இத்தேவை பன்மடங்கு பெருகியது. கீசுத் தீவின் தலைவரான மலிக்குல் இசுலாம் சமாலுத்தீன் ஆண்டிற்கு 1,400 குதிரைகளை அனுப்ப உடன்பாடு செய்துகொண்டார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகின்றார். அவருடைய உடன்பிறந்தாரான தக்கியுத்தீன் அப்துர் ரகுமான் பாண்டிய அரசில் உயர் பதவி வகித்தார். காயல் முதலிய துறைமுகங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. விற்பவரும் வாங்குபவரின் அதிகாரியும் ஒரே குடும்பத்தினராக இருந்தமை கவனிக்கத்தக்கது.

குதிரை ஒன்றின் விலை 220 செம்பொன் தினார் என வரையறுக்கப்பட்டிருந்தது. கடலில் இறந்த குதிரைக்கும் அரசே விலை கொடுக்க வேண்டும் என்பது உடன்பாட்டின் ஒரு கூறு. குலசேகரனுக்குச் சற்று முற்பட்ட காலத்திலேயே பாரசீக வளைகுடாத் துறைகளிலிருந்து இந்நாட்டிற்கும் அண்டை நாடுகளுக்கும் ஆண்டிற்கு 10,000 குதிரைகள் ஏற்றுமதியானதாகவும், அவற்றின் மொத்த விலை 22 இலட்சம் தினார் எனவும் வஸ்ஸாஃப் கணக்குத் தருகின்றார். இவ்வெண்களில் மிகை இருக்கலாம். எனினும் பாண்டியனின் பொன் கடல் கடந்து சென்றது என்பதில் ஐயமில்லை.

குதிரைகளின் இறப்பு

மார்க்கோ போலோவின் குறிப்பின்படி அரசன் ஒருவனே ஆண்டிற்கு 2,000-க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கினான். மற்ற அரசர்களும் அவ்வாறே வாங்கினர். ஆண்டு முடிவில் நூறு குதிரைகள் கூட எஞ்சவில்லை. குதிரைகளைப் பேணத் தெரிந்தவர் இங்கு இல்லை என்றும், அயல்நாட்டு வணிகர் தம் விற்பனை குறையாதிருக்கக் குதிரை மருத்துவர் எவரையும் இங்கு வரவிடவில்லை என்றும் அவர் காரணம் கூறுகின்றார். குதிரைகளுக்குச் சோற்றுடன் சமைத்த இறைச்சி தரப்பட்டதையும் அவர் வியப்புடன் குறித்துள்ளார். வணிகர் மீதான குற்றச்சாட்டு எந்த அளவிற்கு உண்மையோ, சாலிகோத்திரர் பெயரால் வழங்கிய குதிரை மருத்துவ நூல்மரபு இந்தியாவில் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இருந்தது.

வஸ்ஸாஃப் தரும் விவரங்கள் மேலும் பயனுடையவை. புதிதாக வந்த குதிரைகளை முளைகளில் கயிற்றால் பிணித்து நாற்பது நாட்கள் கொட்டிலில் நிறுத்தி வைத்தனர். பச்சை வாற்கோதுமைக்கு மாறாக, வறுத்த வாற்கோதுமையும் நெய் சேர்த்த தானியமும் தீனியாகத் தரப்பட்டன. குடிக்கக் காய்ச்சிய பசும்பால் வைக்கப்பட்டது. குதிரைகள் கொழுத்தபின், எவ்விதப் பயிற்சியும் இன்றி வீரர்கள் அவற்றின் மீதேறி விரைந்து ஓட்டினர். மிகக் குறுகிய காலத்தில் அவை வலிமை இழந்து பயனற்றுப் போயின.

மூச்சும் குதிரையும்

இக்குறிப்புகளை இன்றைய கால்நடை மருத்துவ அறிவோடு ஒப்பிட்டு நோக்கலாம். குதிரை மூக்கினால் மட்டுமே மூச்சுவிடும் விலங்கு. நாயைப் போலவோ மனிதனைப் போலவோ வாய்வழியாக மூச்சுவிட அதனால் இயலாது. ஓய்வில் நிமிடத்திற்கு 8 முதல் 16 முறை மூச்சுவிடும் குதிரை, நாலுகால் பாய்ச்சலில் ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு மூச்சு விடுகின்றது. ஆகவே மூச்சுக்குழாயில் சிறிது அடைப்பு ஏற்பட்டாலும் அதன் ஓட்டம் தளர்ந்துவிடும்.

முதலாவது இடர் கடற்பயணம். ஓர்முசுக் கப்பல்கள் ஆணியின்றித் தென்னை நார்க்கயிற்றால் தைக்கப்பட்டவை என்றும், சரக்கின் மேல் தோலை விரித்து அதன்மீது குதிரைகளை நிறுத்தினர் என்றும் மார்க்கோ போலோ கூறுகின்றார். ஆடும் கலத்தில் குதிரையை இறுகக் கட்டாமல் கொண்டுவர முடியாது. நெடுநேரம் தலையைத் தாழ்த்த இயலாதபடி கட்டப்பட்ட குதிரையின் மூச்சுக்குழாயில் சளி தேங்கி, அதில் நுண்ணுயிர்கள் பெருகி, நுரையீரலிலும் அதைச் சூழ்ந்த உறையிலும் அழற்சி உண்டாகும் என்பது இன்று நன்கு அறியப்பட்ட உண்மை. இக்காலத்தில் வண்டியிலோ வானூர்தியிலோ குதிரையைக் கொண்டுசெல்வோர் இடையிடையே அதன் தலையைத் தாழ்த்த விடுவது இதனால்தான்.

இரண்டாவது இடர் கொட்டில். உலர்ந்த தீவனத்தின் தூசியும், அதிலுள்ள பூஞ்சை வித்துகளும், சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவும் குதிரையின் மூச்சுச் சிறுகுழாய்களைச் சுருங்கச் செய்கின்றன. இருமலும், மூக்குத்துளை விரிவும், வயிற்றை உந்தி மூச்சை வெளிவிடும் இரைப்பும் தோன்றும். இந்நோய் இன்று குதிரை ஆஸ்துமா என அழைக்கப்படுகின்றது. கொட்டிலில் காற்றோட்டம் குறைவாக இருந்தால், நாற்பது நாள் கட்டிப்போட்டு வைப்பது இதற்கு வழிவகுக்கும். வெளியில் மேயவிடுதல், தீவனத்தை நனைத்துத் தரையில் வைத்து ஊட்டுதல், கொட்டிலைக் காற்றோட்டமாக அமைத்தல், சாணத்தையும் நனைந்த படுக்கையையும் நாள்தோறும் அகற்றுதல் ஆகியவையே இன்றும் முதன்மையான தடுப்பு முறைகள்; மருந்து அவற்றிற்கு அடுத்தே. இவற்றுள் எதுவும் 13 ஆம் நூற்றாண்டில் செய்ய இயலாதது அன்று.

மூன்றாவது, வெப்பம். குதிரை பெரிதும் வியர்வையால் உடலைக் குளிர்விக்கின்றது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாடுகளுக்குக் கொண்டுவரப்படும் குதிரைகளுள் சில, நாளடைவில் வியர்க்கும் ஆற்றலை இழந்து விடுகின்றன. அவற்றின் தோல் உலர்ந்து, சிறிது ஓடினாலும் கடுமையாக மூச்சிரைக்கும். உழைப்பின்றிக் கொழுத்த குதிரையைத் திடீரென விரட்டினால் இந்நிலை மேலும் மோசமாகும். வலிமை மிக்க குதிரைகள் விரைவில் தளர்ந்தன என்னும் வஸ்ஸாஃபின் கூற்று இதனோடு பொருந்துகின்றது.

எல்லா இறப்புகளுக்கும் மூச்சு நோயே காரணம் என்று கொள்வதற்கில்லை. சோறும் நெய்யும் இறைச்சியும் குதிரைக்கு வயிற்று வலியையும் குளம்பு அழற்சியையும் தரவல்லவை. கடிக்கும் ஈக்களால் பரவும் சர்ரா என்னும் நோயும் இந்தியக் குதிரைகளை வாட்டியது. அதன் கிருமியை 1880 இல் கிரிஃபித் எவான்ஸ் என்னும் கால்நடை மருத்துவர் கண்டறிந்தார். எனினும் பயணம், கொட்டில், ஓட்டம் ஆகிய மூன்று நிலைகளிலும் முதலில் தாக்குண்டிருக்கக் கூடியது குதிரையின் மூச்சே.

இறுதிக்காலம்

குலசேகரனுக்குச் சுந்தர பாண்டியன், வீர பாண்டியன் என இரு மக்கள் இருந்தனர். பட்டத்தரசியின் மகனான சுந்தரனை விடுத்து வீரனை இவன் இளவரசனாக்கியதால், சினமுற்ற சுந்தரன் 1310 இல் தந்தையைக் கொன்றான் என்பது வஸ்ஸாஃபின் கூற்று. இதனை அப்படியே ஏற்காத வரலாற்றாளரும் உளர். உடன்பிறந்தாரிடையே போர் மூண்டது உறுதி. 1311 இல் தில்லிச் சுல்தான் அலாவுதீன் கில்ஜியின் படைத்தலைவன் மாலிக் கபூர் பாண்டிய நாட்டைச் சூறையாடினான். அவன் கொண்டுசென்ற குதிரைகள் 5,000 என அமீர் குஸ்ரோவும், 20,000 எனப் பரணியும் எழுதுகின்றனர். பரணியின் எண் போசள நாட்டில் கிடைத்தவற்றையும் உள்ளடக்கியது. கடல்வழியே பொன் கொடுத்து வாங்கிய குதிரைகளுள் உயிர்பிழைத்தவை இவ்வாறு வடக்கே சென்றன.

மதுரையில் சுல்தான்களின் ஆட்சி ஏற்பட்டபின் பாண்டியர் தெற்கே ஒதுங்கினர். அவர்களின் வழிவந்தோர் பின்னர்த் தென்காசியைத் தலைநகராகக் கொண்டனர். அங்குள்ள காசி விசுவநாதர் கோயிலைப் பராக்கிரம பாண்டியன் 1446 இல் கட்டத் தொடங்கினான். குலசேகரன் வென்ற கொல்லத்திற்குச் செல்லும் கணவாயின் கிழக்கு வாயிலிலேயே, 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, பாண்டியர் சிற்றரசர்களாக ஆண்டு வந்தனர்.