கூஃபாவின் ஜவுளி வணிகர்

இமாமுல் அஃளம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பெயரைக் கேள்விப்படாத முஸ்லிம் இல்லம் அரிது. ஆனால் அன்னார் ஜவுளிக் கடை நடத்திப் பிழைத்த வணிகர் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஹிஜ்ரி 80-ல் (கி.பி. 699) இராக்கின் கூஃபா நகரில் பிறந்தார்கள். இயற்பெயர் நுஃமான், தந்தையார் ஸாபித். பட்டும் ரோமமும் கலந்து நெய்த கஸ் என்னும் விலையுயர்ந்த துணியே அவர்களது வியாபாரம். கடைவீதியே கதியென்றிருந்த இளைஞரைக் கண்ட ஷஅபீ (ரஹ்) அவர்கள், உலமாக்களின் சபையில் போய் அமருமாறு ஏவினார்கள். அந்தச் சொல் மனத்தில் தைத்தது. ஹம்மாத் (ரஹ்) அவர்களிடம் 18 ஆண்டுகள் பாடம் கேட்டார்கள். ஹிஜ்ரி 120-ல் ஆசிரியர் மறைந்தபின் அவரிடத்தில் அமர்ந்தார்கள். கடையை மட்டும் மூடவில்லை.

ஒரு பெண்மணி பட்டாடை ஒன்றை விற்கக் கொண்டு வந்து 100 திர்ஹம் கேட்டாள். அது அதற்கு மேலும் பெறும் என்றார்கள் இமாமவர்கள். அவள் நூறு நூறாக ஏற்றி 400-க்கு வந்தும், இன்னும் பெறும் என்றார்கள். கேலி செய்வதாக அவள் நினைத்தாள். விலை மதிக்க ஓர் ஆளை அழைத்து வரச் செய்து, இறுதியில் 500 கொடுத்து வாங்கினார்கள். விற்க வருபவரின் அறியாமையே லாபம் என்று கருதும் வியாபாரிகளுக்கு இது விந்தையாகத் தோன்றும்!

இன்னொரு முறை, கூட்டாளி ஹஃப்ஸ் என்பவரிடம் சரக்கு அனுப்பினார்கள். அதில் ஓர் உருப்படியில் பழுது இருந்தது. வாங்குபவரிடம் அதைக் காட்டியே விற்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். ஹஃப்ஸ் மறந்துவிட்டார், சொல்லாமலே விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. பழுதுள்ள துணியின் விலையை மட்டும் கழித்திருந்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. இமாமவர்களோ அந்தச் சரக்கு விற்ற தொகை முழுவதையும் ஸதகா செய்துவிட்டார்கள்.

ஏழை மூதாட்டி ஒருத்தி அடக்க விலைக்கே துணி கேட்டபோது 4 திர்ஹம் போதும் என்றார்கள். அவளும் நம்பவில்லை. இரண்டு துணிகள் வாங்கியதில், ஒன்றை விற்றே முதலில் 4 திர்ஹம் நீங்கலாக மற்றதெல்லாம் வந்துவிட்டதென்று கணக்குச் சொன்னார்கள். ஆக, அவளுக்குச் சொன்னது சரியான அடக்க விலைதான். தானம் என்ற பேச்சே எழவில்லை.

ஆண்டுதோறும் சேர்ந்த லாபத்தில் உலமாக்களின் வீடுகளுக்கு உணவும் உடையும் போயின. வறுமையால் படிப்பை விட இருந்த மாணவர் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களையும் தாங்கியது அந்தக் கடைதான். அவர்களே பிற்காலத்தில் தலைமை காஜியானார்கள்.

அன்னாரோ காஜி பதவியை ஏற்கவில்லை. உமையாக்களின் ஆளுநர் இப்னு ஹுபைரா சவுக்கால் அடித்தும் மறுத்தார்கள். கலீஃபா மன்ஸூர் சிறையிலிட்டும் மறுத்தார்கள். அரண்மனைச் சம்பளத்தை எதிர்பார்த்து அவர்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லையே!

ஹிஜ்ரி 150-ல் (கி.பி. 767) பக்தாதில் வஃபாத்தானார்கள். அடக்கமான பகுதி இன்றும் அன்னாரின் சிறப்புப் பெயரால் அஃளமிய்யா என்றே அழைக்கப்படுகிறது.