கலத்தொடு வளர்ந்தவர்

பிரெஞ்சு நாட்டின் மேற்குக் கோடியில், அட்லாண்டிக் மாகடலுக்குள் மூக்குப்போல நீண்டு கிடக்கும் நிலப்பகுதி பிரித்தானி எனப்படும். பாறை செறிந்த கரையும், ஓங்கி எழுந்து நெடுந்தொலைவு வற்றும் ஓதமும் உடையது அப்பகுதி. அங்கு வாழ்வார்க்குக் கடல் வேற்றிடம் அன்று; வீட்டின் முற்றம் போன்றதே. அக்கடலிற் பாய்க்கலம் செலுத்தப் பழகி, உலகம் அறிந்த கடலோடியாக விளங்கியவர் எரிக் தபர்லி என்பார்.

இவர் 1931-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 24-ஆம் நாள் நாந்த் நகரில் பிறந்தார். தந்தையார் கடற்செலவில் பெருவிருப்பினர். விடுமுறை நாள்களில் மனைவி மக்களுடன் கலமேறிக் கரையோரமாகச் சென்று வருதல் அக்குடும்பத்தின் வழக்கம். நிலத்தில் ஓடியாடும் மூன்றாம் வயதிலேயே எரிக் படகில் ஏறிவிட்டார். 1938-ல் தந்தையார் பழைய கலம் ஒன்றை விலைக்கு வாங்கினார். வில்லியம் ஃபைஃப் என்னும் ஸ்காத்லாந்து வல்லுநர் வகுத்த அமைப்பின்படி, 1898-ல் அயர்லாந்தில் கட்டப்பெற்றது அது. நீளம் 15 மீட்டர், மரம் ஒன்று, பாய்களோ மிகப் பெரியன. பென் டுயிக் என்பது அதன் பெயர். கருந்தலையுடைய சிறு குருவி ஒன்றைப் பிரித்தானி மக்கள் தம் மொழியில் அவ்வாறு அழைப்பர். ஏழு வயதுச் சிறுவரின் நெஞ்சம் அக்கலத்திற் சென்று பொருந்தியது. பின்னர் என்றும் பிரிந்திலது.

அடுத்த ஆண்டே போர் மூண்டது. கலம் கரையோரத்தில் முடங்கியது. போர் ஓய்ந்தபின் தந்தையார் அதனை விற்க முயன்றார். பலகைகள் உளுத்திருந்தமையால் வாங்குவார் இலர். மகனோ விற்க வேண்டா என வேண்டி நின்றார். இறுதியில், செப்பனிடும் பொறுப்பும் செலவும் மகனுடையனவே என்னும் நிலையில், 1952-ல் தந்தையார் கலத்தை அவருக்கே அளித்துவிட்டார். எரிக் கடற்படையின் வானூர்திப் பிரிவிற் சேர்ந்து, இந்தோசீனாவில் பணியாற்றி, ஊதியத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்தார்.

பொருள் சேர்ந்த காலத்தில் மரமோ முற்றிலும் கெட்டுவிட்டது. செப்பனிட ஒண்ணாது என்று அறிந்தோர் கூறினர். அப்பொழுது அவர் செய்த சூழ்ச்சி வியக்கத்தக்கது. கெட்டுப்போன பழைய உடலையே அச்சாகக் கொண்டு, அதன் புறத்தே கண்ணாடியிழைத் துணியைச் செயற்கைப் பிசினில் தோய்த்து அடுக்கடுக்காகப் படியச் செய்தார். பிசின் இறுகியபின் உள்ளிருந்த மரத்தை நீக்கிவிட்டார். 1958-ல் தொடங்கிய இவ்வேலையால், பழைய வடிவு சிறிதும் மாறாது புதிய உடல் கிடைத்தது. பழமையைக் காத்தற்குப் புதுமையையே கருவியாகக் கொண்ட திறம் இது. இத்தகைய முறையில் அத்துணைப் பெரிய கலம் ஆக்குதல் அந்நாளில் அரிது.

1964-ல் இங்கிலாந்தின் பிளிமத் துறையிலிருந்து அமெரிக்காவின் நியூப்போர்ட் வரை, கலத்துக்கு ஒருவரே செல்லும் போட்டி நடைபெற்றது. தொலைவு ஏறத்தாழ 3,000 கடல் மைல். அவ்வழியில் மேலைக் காற்று எதிர்த்தே வீசுமாதலின், காற்றுக்குக் குறுக்கே இடமும் வலமுமாக மாறி மாறி ஓட்டியே முன்னேற வேண்டும். தபர்லி இதற்கெனவே பென் டுயிக் இரண்டு என்னும் இலேசான கலத்தை அமைத்துக்கொண்டார். ஒருவர் தனித்துச் செல்லுங்கால், உறங்கும்பொழுது சுக்கானைக் காக்கக் காற்றால் இயங்கும் பொறி ஒன்று உண்டு. புறப்பட்டு ஏறத்தாழ ஒரு கிழமையில் அப்பொறி முறிந்தது. எஞ்சிய நாளெல்லாம் அவரே சுக்கானைப் பற்றினார். துண்டு துண்டாக உறங்கினார். வானொலியில் எவரொடும் பேசிலர். 27 நாளும் ஏறத்தாழ 4 மணியும் கழிந்தபின் கரை சேர்ந்தவர், தாமே முதல்வர் என்பதை அங்குள்ளார் கூறவே அறிந்தார். முந்திய போட்டியில் வென்ற ஆங்கிலேயரான சிச்செஸ்டர் அவருக்கு ஏறத்தாழ மூன்று நாள் பின்னர் வந்தார். பிரெஞ்சுத் தலைவர் தெ கோல் தபர்லிக்கு நாட்டின் சிறப்பு விருதினை வழங்கினார்.

பின்னர்ப் பல கலங்கள், பல போட்டிகள். அவற்றுள் 1976-ஆம் ஆண்டுப் போட்டி ஒன்றே விரித்துரைத்தற்கு உரியது. பன்னிருவர்க்கு மேற்பட்டோர் கூடி இயக்கத்தக்க பென் டுயிக் ஆறு என்னும் பெருங்கலத்தில் அவர் தனியே ஏறினார். 125 கலங்கள் புறப்பட்டன. புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, இருவர் உயிரிழந்தனர். இம்முறையும் சுக்கான்பொறி கெட்டது. சோர்வு மிக, அவர் கலத்தை நாடு நோக்கித் திருப்பியும் விட்டார். ஆயின் சில மணி நேரம் உறங்கி எழுந்தபின், மீண்டும் மேற்கே திருப்பினார். செய்தியொன்றும் வாராமையால், அவர் இறந்தனரோ என்று நாட்டார் அஞ்சினர். 24-ஆம் நாள் விடியலில் நியூப்போர்ட் துறையில் அவர் கலமே முதலில் தோன்றியது. 72 மீட்டர் நீளமும் நான்கு மரமும் உடைய மாபெருங் கலத்தொடு சில மணி நேரம் பிந்தி வந்தவர், முன்பு அவரிடமே தொழில் பயின்ற அலென் கோலா ஆவார்.

1980-ல், 1905 முதல் 75 ஆண்டுகளாக நின்ற அட்லாண்டிக் கடப்பு விரைவையும் அவர் வென்றார். 12 நாளில் முடிந்த செலவை 10 நாளும் 5 மணியும் ஆக்கினார். எனினும் புகழைப் பேசுதல் அவர்க்கு இயல்பன்று. மனைவியொடும் மகளொடும் பிரித்தானியின் ஓதே ஆற்றங்கரையில் வாழ்ந்தார். பழைய பென் டுயிக்கை மீண்டும் ஒருமுறை முற்றச் செப்பஞ் செய்தார்.

அக்கலத்துக்கு நூறாண்டு நிறைந்த 1998-ஆம் ஆண்டு, ஃபைஃப் வகுத்த கலங்களெல்லாம் ஸ்காத்லாந்தில் ஒருங்கு கூடும் விழாவிற்கு, நண்பர் நால்வருடன் அதிற் புறப்பட்டார். சூன் 12-ஆம் நாள் இரவு, வேல்சு நாட்டுக்கு அப்பால், காற்று மிகுந்தது. பாயை மாற்றும் வேளையில், பாயின் மேல்விளிம்பைத் தாங்கும் பருமல் வீசியடித்து அவரைக் கடலுள் தள்ளியது. உடலைக் கலத்தோடு பிணிக்கும் கயிற்றை அணிதல் அவருக்கு வழக்கம் அன்று; அன்றும் அணிந்திலர். பிறர்க்குத் தொழில் கற்பித்த பெரியார் இதனை நெகிழவிட்டது குறையே. இருளில் நண்பர்கள் நெடுநேரம் தேடியும் கண்டிலர். சில கிழமைகளுக்குப்பின் மீன்பிடி கலம் ஒன்றின் வலையில் அவர் உடல் கிடைத்தது.

பென் டுயிக் கேடின்றிப் பிரித்தானிக்கு மீண்டது. லோரியான் துறையில் அவர் பெயரால் 2008-ல் கடற்செலவுக் காட்சிச்சாலை ஒன்று திறக்கப்பெற்றது.