100 டாலருக்கு வந்த மாற்று ஆள்... தோல்வியே இல்லாத சீசனைக் காப்பாற்றிய ஏர்ல் மாரல்!

உங்க ஆபீஸ்லயோ காலேஜ்லயோ இப்படி ஒண்ணு நடந்திருக்கலாம். முக்கியமான ஒருத்தர் திடீர்னு லீவு. அவர் வேலை உங்க தலையில விழுது. ராத்திரி பகல் பார்க்காம இழுத்துப் பிடிக்கிறீங்க. எல்லாம் நல்லா ஓடிக்கிட்டு இருக்கும்போது அவர் திரும்பி வர்றார். நீங்க எழுந்து சீட்டைக் கொடுக்கணும். கடைசியில மேடையில பொன்னாடை அவருக்கு!

அந்த நிமிஷம் வயிறு எரியுமா, எரியாதா?

அமெரிக்காவில் ஒரு மனிதர், நாடே பார்த்துக்கொண்டிருக்க, இப்படி எழுந்து சீட்டைக் கொடுத்தார். பெயர் ஏர்ல் மாரல். தொழில், 'பேக்-அப் குவார்ட்டர்பேக்'.

முதல்ல அந்த வேலையைப் புரிஞ்சுக்குவோம். அமெரிக்கன் ஃபுட்பால், நாம காலால் உதைத்து ஆடும் ஃபுட்பால் இல்லை. இருபக்கமும் கூர்மையான பந்தைக் கையில் எடுத்து ஓடுவார்கள், எறிவார்கள். பந்து முதலில் வந்து சேர்வது குவார்ட்டர்பேக்கின் கைக்கு. யாரிடம் எறிவது, யாரிடம் கொடுத்து ஓடவிடுவது என்பதை, எதிரணி ஆட்கள் மேலே வந்து விழுவதற்குள் சில விநாடிகளில் அவர் முடிவு பண்ணணும். ஜெயிச்சா ஹீரோ. தோத்தா வில்லன்.

பேக்-அப், அவருக்கு மாற்று. வாரம் முழுக்க அதே பயிற்சி, அதே பாடம். ஆனா, மேட்ச் அன்னிக்கு கோட்டுக்கு வெளியே நிற்கணும். முதல் ஆளுக்கு அடிபட்டால்தான் வாய்ப்பு. அதுவும் எப்போ வரும்னு தெரியாது. வந்தா அடுத்த நிமிஷமே உள்ளே ஓடணும்.

ஊர் ஊராக ஒரு பயணம்

மாரல் பிறந்தது 1934-ல், மிச்சிகன் மாநிலத்தின் மஸ்கீகன் நகரத்தில். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஃபுட்பால், பேஸ்பால் இரண்டிலும் கெட்டிக்காரர். 1956-ல் கல்லூரி வீரர்களை என்.எஃப்.எல் அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது, நாட்டிலேயே இரண்டாவது ஆளாக அவரை எடுத்தது சான் ஃபிரான்சிஸ்கோ. இவ்வளவு பெரிய இடத்தில் தொடங்கியவர் ஏன் மாற்று ஆளானார்?

அங்கே ஏற்கெனவே ஒய்.ஏ.டிட்டில் என்ற பெரிய குவார்ட்டர்பேக் இருந்தார். அடுத்த வருடமே மாரலை பிட்ஸ்பர்க்குக்குக் கைமாற்றினார்கள். 1958-ல், டெட்ராய்ட்டின் நட்சத்திரமான பாபி லேனை வாங்க பிட்ஸ்பர்க் ஆசைப்பட்டது. அதற்காக மாரல் டெட்ராய்ட்டுக்குப் போனார். அங்கே ஒருநாள் ஆடுவார், மறுநாள் வெளியே நிற்பார். 1962-ல் புல்வெட்டும் மெஷினில் சிக்கி இடது கால் பெருவிரலை இழந்தார். வேற யாராவது இருந்தா ஷூவைக் கழற்றி மாட்டியிருப்பாங்க. மாரல் அடுத்த வருடமே 24 டச்டவுன் பாஸ்களை எறிந்தார்.

1965-ல் நியூயார்க் ஜயன்ட்ஸ். அங்கேயும் நல்லாத்தான் ஆடினார். பிறகு மணிக்கட்டு உடைந்தது. 1967-ல் ஃபிரான் டார்கென்டன் வந்து சேர, மாரல் மறுபடியும் கோட்டுக்கு வெளியே!

ஒரே மைதானம், முதல் நாள்

மாரலின் வாழ்க்கையில் மயாமியின் 'ஆரஞ்ச் பௌல்' மைதானம் திரும்பத் திரும்ப வரும். பெயரை ஞாபகத்துல வெச்சுக்கோங்க.

1968 ஆகஸ்ட்டில் பால்டிமோர் கோல்ட்ஸ் அணி மாரலை வாங்கியது. அங்கே முதல் ஆள், அந்தக் காலத்தின் சூப்பர் ஸ்டார் ஜானி யுனைட்டஸ். சீசன் தொடங்கும் முன் நடந்த கடைசிப் பயிற்சி மேட்ச்சில் யுனைட்டஸின் எறியும் கையில் அடி. 34 வயது மாரல் உள்ளே வந்தார்.

14 மேட்ச்சில் 13 வெற்றி. லீக்கிலேயே அதிகமாக 26 டச்டவுன் பாஸ். அந்த வருடத்தின் மிகச் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. தங்களைத் தோற்கடித்த ஒரே அணியான கிளீவ்லேண்டை, சாம்பியன்ஷிப் மேட்ச்சில் 34-0 என்று புரட்டி எடுத்தார்கள்.

அடுத்து 1969 ஜனவரி 12, ஆரஞ்ச் பௌலில் மூன்றாவது சூப்பர் பௌல். எதிரணி நியூயார்க் ஜெட்ஸ். கோல்ட்ஸ் 18 பாயின்ட் வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று பந்தயக்காரர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். ஜெட்ஸின் இளம் குவார்ட்டர்பேக் ஜோ நேமத்தோ, ஜெயிக்கப்போவது தாங்கள்தான் என்று சில நாள்களுக்கு முன்பே உத்தரவாதம் கொடுத்துவிட்டார்.

முதல் பாதியிலேயே மாரல் எறிந்த மூன்று பாஸ்களை எதிரணி பறித்தது. மூன்றாவதுதான் கொடுமை. பாதி ஆட்டம் முடியும் நேரம். பந்தை ஓடுபவரிடம் கொடுத்து, திரும்ப வாங்கி, தூர எறியும் தந்திர ஆட்டம். ஜிம்மி ஓர் என்ற வீரர் கோட்டுக்குப் பக்கத்தில் தன்னந்தனியாக நின்று கையை ஆட்டுகிறார். பக்கத்துல ஒரு எதிரி கிடையாது. மாரல் கண்ணுக்கு அவர் படவே இல்லை. வேறொருவருக்கு எறிந்தார். பந்து பறிபோனது.

இரண்டாம் பாதியில் மாரலை வெளியே எடுத்துவிட்டு, கை சரியாகாத யுனைட்டஸை இறக்கினார் கோச் டான் ஷூலா. கோல்ட்ஸ் 16-7 என்று தோற்றது. ஒரு சீசன் முழுக்க ஜெயிச்சதை எல்லாரும் மறந்துட்டாங்க. கையை ஆட்டிக்கொண்டு நின்ற ஜிம்மி ஓர் மட்டும் எல்லார் மனதிலும் நின்றுவிட்டார்.

இரண்டாம் நாள்

1971 ஜனவரி 17. அதே ஆரஞ்ச் பௌல். ஐந்தாவது சூப்பர் பௌலில் கோல்ட்ஸும் டல்லாஸும் மோதின. இந்த முறை முதல் ஆள் யுனைட்டஸ். ஆனா, முதல் பாதியிலேயே அவருக்கு விலா எலும்பில் அடி. பாதி ஆட்டத்தில் 13-6 என்று டல்லாஸ் முன்னிலை. எந்தப் புல்தரையில் மானம் போச்சோ, அதே இடத்துக்கு 36 வயதில் மாரல் திரும்பினார்.

இரண்டு பக்கமும் தப்புமேல் தப்பாகப் போன ஆட்டம் அது. கோல்ட்ஸ் 13-13 என்று சமன் செய்தது. கடைசி விநாடிகளில் ஜிம் ஓ'பிரையன் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே பறந்தது. 16-13, சாம்பியன்! அந்த உதைக்காகப் பந்தைத் தரையில் நிறுத்திப் பிடித்திருந்த விரல்கள் மாரலுடையவை.

மூன்றாம் நாள்

அடுத்த வருடம் கோல்ட்ஸ் அவரைக் கழற்றிவிட்டது. அப்போது மயாமி டால்ஃபின்ஸின் கோச்சாக இருந்தவர் யார் தெரியுமா? 1969-ல் மாரலை வெளியே எடுத்த அதே டான் ஷூலா! லீக்குக்குக் கட்ட வேண்டிய வெறும் 100 டாலரைக் கட்டி, 1972 சீசனுக்கு அவரை எடுத்துக்கொண்டார்.

1972 அக்டோபர் 15. டால்ஃபின்ஸின் சொந்த மைதானம் எது? ஆரஞ்ச் பௌலேதான். சீசனின் ஐந்தாவது மேட்ச், சான் டியாகோவுக்கு எதிராக. முதல் ஆள் பாப் கிரீஸியின் கால் எலும்பு உடைந்தது. 38 வயதில், 'க்ரூ கட்' தலையுடன் மாரல் எழுந்து ஓடினார்.

அந்த மேட்ச்சையும் சேர்த்து, லீக்கில் மிச்சமிருந்த 10 மேட்ச்சிலும் டால்ஃபின்ஸ் தோற்கவில்லை. 14-0. பிளே ஆஃப் முதல் மேட்ச்சிலும் வெற்றி. அடுத்தது பிட்ஸ்பர்க்குடன் மோதிய மேட்ச். ஜெயிச்சா சூப்பர் பௌல். பாதி ஆட்டத்தில் 7-7. கிரீஸியின் கால் குணமாகியிருந்தது. ஷூலா மாரலை உட்காரச் சொல்லி, கிரீஸியை அனுப்பினார். 21-17 என்று ஜெயித்தார்கள். சூப்பர் பௌலில் முதல் ஆள் கிரீஸிதான் என்றும் ஷூலா சொல்லிவிட்டார்.

யோசிச்சுப் பாருங்க. நாலு வருஷம் முன்னாடி பெரிய மேடையில் தன்னை வெளியே எடுத்த அதே கோச். இப்போ அணியை அந்த மேடை வரைக்கும் தூக்கிட்டு வந்த பிறகும் அதே வார்த்தை. மாரலுக்கு அந்த முடிவில் உடன்பாடு இல்லை. அதை மறைக்கவும் இல்லை. ஆனா அணியில் கோஷ்டி சேர்க்கவில்லை, சண்டை போடவில்லை. கோட்டுக்கு வெளியே நின்றார். டால்ஃபின்ஸ் 14-7 என்று ஜெயித்து 17-0 ஆனது. லீக்கிலிருந்து சூப்பர் பௌல் வரை ஒரு தோல்விகூட இல்லாத வேறொரு சீசன் என்.எஃப்.எல்-லில் இன்றுவரை இல்லை.

அதற்குப் பிறகு

21 சீசன் ஆடி, 42 வயதில் கடைசி மேட்ச்சை முடித்தார் மாரல். பிறகு மயாமி பல்கலைக்கழகத்தில் இளம் குவார்ட்டர்பேக்குகளுக்குப் பாடம் எடுத்தார். ஜிம் கெல்லி, பெர்னி கோசார் எல்லாம் அவரிடம் கற்றவர்கள். ஃபுளோரிடாவின் டேவி என்ற ஊருக்கு மேயராகவும் இருந்தார்.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கடைசிக் காலத்தில் பார்கின்சன் நோயால் அவதிப்பட்டு, 2014 ஏப்ரலில் 79 வயதில் இறந்தார். அவருடைய மூளையை ஆராய்ந்த மருத்துவர்கள், தலையில் மீண்டும் மீண்டும் படும் அடிகளால் வரும் சி.டி.இ என்ற பாதிப்பு, மிக முற்றிய நான்காம் நிலையில் இருந்ததைக் கண்டார்கள். மாற்று ஆளாகப் பாதிக் காலம் வெளியே நின்றவருக்கே இந்த விலை.

ஷூலாவும் கிரீஸியும் யுனைட்டஸும் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். மாரல் இல்லை. ஆரஞ்ச் பௌலையும் 2008-ல் இடித்துவிட்டார்கள். ஆனா, 17-0 என்ற கணக்கை நீங்களே ஒருதடவை கூட்டிப் பாருங்க. அதில் 10 மேட்ச்சுக்கு மேல் பந்து போனது அவர் கை வழியாகத்தான்.

அடுத்த தடவை யாரோ ஒருத்தர் வேலை உங்க தலையில விழும்போது இவரை நினைச்சுக்கோங்க. உங்க லீவுல உங்க வேலையைப் பார்த்தவர் யாருன்னும் கொஞ்சம் யோசிங்க. அவருக்கு ஒரு போன் போட்டு நன்றி சொன்னீங்களா?